பச்சைப் பட்டி இரண்டு

பெயின்டர் பெனடிக்குக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது சாய்ந்தமருதுக் கடற்கரை முழுவதிலும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்கு வயது ஒன்பது. பெயர் சுல்பிகா, மீன்பிடிக்கும் சீனிமுகம்மதுவின் ஒரே மகள். இந்தப் பிள்ளையின் வாய்க்குப் பூட்டுச் செய்ய ஒரு கொல்லன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று அவளுடைய உம்மா றுகையாவே சொல்லுவாள். அப்படிப்பட்ட வாய் ஒன்றரை மாதம் ஒரு இரகசியத்தை அடைத்து வைத்திருந்தது என்றால், அந்தச் சிநேகம் எப்படிப்பட்டது என்று நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. வாடைக் காற்று ஓய்ந்து கடல் மெல்ல மெல்லக் கோபம் தணிந்துகொண்டிருந்த காலம். மாரி முழுக்கக் கரையில் கவிழ்ந்து கிடந்த தோணிகளுக்கு அந்த நாட்களில்தான் நல்ல காலம் பிறக்கும். வெடிப்பு அடைப்பார்கள், அடியில் தார் பூசுவார்கள், கடைசியில் பெயின்டரைக் கூப்பிடுவார்கள். பெயின்டர் என்றால் பெனடிக்தான். கல்முனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பூசுகிற பிறஸ்களைப் பன் புல்லில் இழைத்த பையில் போட்டுச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் வந்துவிடுவார். அவர் சட்டையில் இல்லாத நிறத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தோணியின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் அவர் பூசுகிற பட்டிதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு தோணிக்காரருக்கும் ஒரு நிறம். தூரத்தில் வருகிற தோணியில் ஆள் தெரியாது, முகம் தெரியாது, பட்டி தெரியும். அதைக் கண்ட பிறகுதான் வீடுகளில் உலை வைப்பார்கள். சீனிமுகம்மதுவின் தோணிக்குச் சிவப்புப் பட்டி. பக்கத்து வீட்டு முகைதீன்பாவாவின் தோணிக்குப் பச்சை. இரண்டும் தோணி கட்டுகிற ஒரே ஓடாவி ஒரே வருடத்தில் செய்து கொடுத்தவை. பட்டியை மறைத்துவிட்டால் சொந்தக்காரர்களே மாறி ஏறிவிடுவார்கள்.

பெயின்ட் வாங்குவது தோணிக்காரரின் பொறுப்பு. பெயின்டரின் கையில் விட்டால் பாதி மண்ணெண்ணெய்தான் தோணியில் ஏறும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் கடையில் பெரிய தகரத்திலிருந்து, பால் தீர்ந்த சின்னத் தகரப் பேணியில் ஊற்றி வாங்கி, பிள்ளைகளிடம் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பேணி. மேலே ஓர் எழுத்தும் இராது, அடையாளமும் இராது. கண் உள்ளவனுக்கு அது ஒரு பிரச்சினையா? பெனடிக்குக்குத்தான் அது உயிர் போகிற பிரச்சினை.

சுல்பிகா அவரிடம் ஒட்டிக்கொண்டது ஒரு மீனால். தோணியின் முன்பக்கத்தில் அவர் ஒரு மீன் கீறினார். செதில் செதிலாக, வால் முறுக்கி, நல்ல வடிவான மீன். ஆனால் கண் இல்லை.

"மாமா, மீனுக்குக் கண் வைக்க மறந்திட்டீங்க."

"மறக்கல்ல மகள். உசிருள்ளதுக்குக் கண் வச்சா மறுமையில அதுக்கு உசிர் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்களாம். உங்கட ஆக்கள் சொல்லித்தான் தந்த."

"அப்ப கோயில்ல மாதாக்கு வைக்கிறீங்களே?"

"அங்க கண் வச்சாத்தான் கூலி. இங்க கண் வைக்காட்டித்தான் கூலி" என்றார் பெனடிக்.

சுல்பிகா குழம்பிப்போனாள். ஒரே ஆளின் ஒரே கை. ஒன்றரைக் கட்டை தூரத்துக்குள் ஒரு இடத்தில் கண் வைப்பது சரி, மற்ற இடத்தில் பிழை. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் கேட்டாள். "ஓதுற புள்ளக்கி இந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு?" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. அடுத்த நாள் அவள் மறுபடியும் தோணியடியில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள்.

இரகசியம் வெளிப்பட்டது ஒரு குறும்பால். பெனடிக் எந்த நேரமும் பேணியைத் தானாக எடுப்பதில்லை. "இடுப்புப் பிடிச்சிருக்கு மகள், அந்தப் பச்சப் பேணிய எடு" என்பார். தோணிக்குக் கீழே நுழைந்து நுழைந்து வேலை செய்கிற ஆளுக்கு இந்தப் பேணியை எடுக்க மட்டும் இடுப்புப் பிடிக்கிறதா என்று சுல்பிகாவுக்குச் சிரிப்பு. ஒரு நாள் வேண்டுமென்றே சிவப்புப் பேணியை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிறஸை முக்கி, பழைய பச்சைப் பட்டிக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனார்.

"மாமாக்குக் கண் பொட்டையா? அது செவப்பு!"

பிறஸ் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் முதலில் அவளைப் பார்க்கவில்லை. கரையில் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தார். பிறகு மணலில் குந்தி, மெல்லச் சொன்னார்.

"ஆருக்கும் சொல்லிப்போடாத மகள். எனக்கு மஞ்சள் தெரியும், நீலம் தெரியும், வெள்ளை தெரியும். இந்த ரெண்டும்தான் தெரியாது. பழுத்த மொளகாயும் பச்ச மொளகாயும் எனக்கு ஒரே நிறம்."

"அப்ப என்னத்துக்கு மாமா பெயின்டரா வந்தீங்க?"

"வந்த பொறகுதானே தெரிஞ்ச" என்றார். அவருடைய மனைவி யூஜினி இருந்தவரைக்கும் மத்தியானச் சோறு கொண்டுவருகிற சாட்டில் வந்து, எந்தப் பேணி எது என்று காதில் சொல்லிவிட்டுப் போவாளாம். அவள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவர் பாடு தந்திரப் பாடுதான். "இந்தப் பச்ச கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று வழியில் போகிறவனைக் கேட்பார். "அது செவப்பு, பெயின்டரே" என்று அவன் சொன்னால், பகிடி விட்டதுபோல் சிரித்துச் சமாளிப்பார். அந்தக் கரையில் அவரைப் பெரிய பகிடிக்காரர் என்று சொல்லுவார்கள். பாவம், அந்தப் பகிடிகளில் பாதி அவருடைய பயம்.

சுல்பிகா அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஓதப் போய் வந்த கையோடு கடற்கரைக்கு ஓடுவாள். பேணிகளை வரிசையாக வைப்பாள். "இது செவப்பு, இது பச்ச, இது உங்களுக்குத் தெரிஞ்ச நீலம்." இந்த வேலைக்கு அவளுக்கு ஒரு சல்லியும் கிடையாது. ஆனால் கரை நெடுகக் கிடந்த தோணிகளையெல்லாம் தானே பெயின்ட் அடித்ததுபோல் ஒரு பெருமை. சில நேரம் விசித்திரமான யோசனையும் வரும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள், பிறகு மற்றக் கண்ணை. சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவுக்கும் தொழிலுக்கு வரும்வரைக்கும் தன் கண்ணில் பிழை இருப்பதாகவா தோன்றியது? மற்றவர்கள் சொல்லித்தானே தெரிந்தது? அப்படியென்றால் தான் காண்பது சரி என்று தனக்கு யார் சொன்னது? யோசித்தால் தலை சுற்றும். விட்டுவிட்டு அடம்பன் கொடியில் பூப் பறிக்கப் போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததற்குக் காரணம் ஒரு கயிற்றுச் சுருள். பெனடிக் வேலை செய்கிற இடத்தில் ஒரு பழைய கயிற்றுச் சுருள் கிடக்கும். அது சுல்பிகாவின் ஆசனம். அன்று ஓதப்பள்ளியில் பாடம் வராமல், ஓதிக்கொடுக்கிற லெவ்வை மறித்து வைத்துவிட்டார். பின்னேரத் தொழுகைக்கு அசர் வாங்கு சொல்லுகிற நேரம்தான் ஓடி வந்தாள். வந்து பார்த்தால், சுருளில் முகைதீன்பாவாவின் மகள் றம்லா உட்கார்ந்திருக்கிறாள். காலை ஆட்டிக்கொண்டு சொல்லுகிறாள்: "இது செவப்பு மாமா. இது எங்கட தோணிக்கு வாங்கின பச்ச, மிச்சம்."

சுல்பிகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. றம்லாவுக்கு இரகசியம் ஒன்றும் தெரியாது. 'எங்க, உனக்கு நிறமெல்லாம் தெரியுமா பாப்பம்' என்று பெனடிக் தன் பழைய தந்திரத்தில்தான் கேட்டிருப்பார். அது இப்போது நமக்கு விளங்குகிறது. ஒன்பது வயதுக்கு விளங்குமா? தனக்கு மட்டும் தந்ததை இன்னொருத்திக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்றுதான் பட்டது. றம்லா எழும்பிப் போனதும் சுல்பிகா சுருளில் உட்காரவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

பெனடிக் சீனிமுகம்மதுவின் தோணிக்குப் பட்டி பூசத் தொடங்கினார். கீரி மீன் கூட்டமாக வந்துவிட்டது என்று செய்தி, விடியுமுன் தோணி இறங்க வேண்டும், அவசரம். றம்லா காட்டியதில் எது எது என்று அதற்குள் மறந்துபோயிருக்கும்; இரண்டு பேணியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"மகள், இது சிவப்புத்தானே?"

"ஓம்" என்றாள் சுல்பிகா.

இந்த 'ஓம்' பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாளா, பார்க்காமல் சொன்னாளா? பின்னாளில் கலியாணமாகி நான்கு பிள்ளைகளுக்கு உம்மாவான பிறகும் அவளால் இதைத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. சில நாட்களில், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பாராமல் சொல்லிவிட்டதாக ஞாபகம். வேறு சில நாட்களில், தோளுக்கு மேலால் கடைக்கண்ணால் பார்த்ததும், பேணிக்குள் பச்சை பளபளத்ததும், நெஞ்சுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் எழும்பியதும் அப்படியே கண்ணில் நிற்கும். எது நடந்தது, எது அவளாகச் சேர்த்துக்கொண்டது? அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

பட்டி முடிகிற நேரம் வீட்டுக்குப் போகத் திரும்பினாள். அப்போது கண்டாள். வாப்பாவின் தோணியில் முன்னிருந்து பின்வரை பச்சை. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மாமா பிறஸ்களைக் கழுவிக்கொண்டு, "வடிவா வந்திருக்கா மகள்?" என்று கேட்டார். "ஓம் மாமா" என்று இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு ஓடினாள். வாப்பா கண்டு ஏசுவார், நாளைக்கு மாமா மாற்றிப் பூசுவார், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் வாப்பா காணவில்லை. சுபஹுக்கு முன்னே, இருட்டோடு இருட்டாகத் தோணியைத் தள்ளி இறக்கிவிட்டார்கள். சீனிமுகம்மதுவோடு மூன்று பேர். அடுத்த தோணியில் முகைதீன்பாவாவும் மூன்று பேரும். இன்னும் ஏழெட்டுத் தோணி.

ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த வாடை, காலை ஒன்பது மணிபோல் திரும்பி வந்தது. வானம் வடக்கில் கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கவே கடல் எழும்பியது. தோணிகள் ஒவ்வொன்றாக விழுந்தடித்துக் கரைக்கு வந்தன. நீலப் பட்டி வந்தது, மஞ்சள் வந்தது, வெள்ளையும் நீலமும் வந்தது. சனம் கடற்கரையில் குவிந்துவிட்டது. தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு பெண்களும் மீன் வாடிக் குடிசைகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். இன்னும் இரண்டு தோணி வரவில்லை.

அப்போதுதான் ஒருவன் கத்தினான். அலை உடைகிற இடத்துக்கு வெகு வெளியே ஒரு தோணி சரிந்து கிடந்தது. அலை தூக்கும்போது ஒரு பக்கம் தெரியும், பிறகு மறையும். ஆட்கள் தெரியவில்லை.

"என்ன பட்டி? என்ன பட்டி?"

"பச்ச! பச்சப் பட்டி! முகைதீன்பாவாட தோணி!"

முகைதீன்பாவாவின் மனைவி ஜெமீலா அப்படியே மணலில் விழுந்தாள். றம்லா "வாப்பா, வாப்பா" என்று கடலுக்குள் இறங்கப் போனாள். யாரோ பிடித்து இழுத்தார்கள். இரண்டு தோணியை இறக்கிப் பார்த்தார்கள். கடல் இரண்டையும் தூக்கிக் கரையில் எறிந்தது. காற்றுக் கொஞ்சம் விழுகிறவரைக்கும் ஒன்றும் செய்ய ஏலாது என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். றுகையா ஓடிப்போய் ஜெமீலாவை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாத மச்சி. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். ஓதிக்க மச்சி, வாயத் திறந்து ஓதிக்க."

கூலிக்காக வந்திருந்த பெனடிக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, சுல்பிகாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். கரை முழுக்கப் பச்சை என்று கத்தியாயிற்று. ஆனாலும் அவர் நம்புகிற கண் ஒன்றுதான்.

"மெய்யா மகள்? பச்சையா?"

"பச்ச."

அவர் பெருமூச்சு விட்டார். அவள் தலையில் கையை வைத்தார். "பயப்படாத மகள். அது உன்ட வாப்பாட இல்ல. உன்ட வாப்பாட தோணிக்கு நாம சிவப்புத்தானே பூசின."

கடலில் இரண்டு பச்சைப் பட்டி இருக்கிறது என்பது இந்தக் கரையில் சுல்பிகாவுக்கு மட்டும்தான் தெரியும். கிடப்பது றம்லாவின் வாப்பாவோ தன் வாப்பாவோ, அவளுக்கும் தெரியாது. சொன்னால் என்ன ஆகும்? உம்மா ஜெமீலாவை விட்டுவிட்டுத் தன் நெஞ்சில் அடித்துக்கொள்ளுவாள். மாமாவின் இரகசியம் உடையும். தன் ஆணையும் உடையும். இவையெல்லாம் கூடப் பெரிதில்லை. நேற்று ஒரு நிறத்தை வாயால் சொன்னாள், அது தோணியில் ஏறிவிட்டது. இன்று 'அது எங்கட தோணி' என்று வாயால் சொன்னால் அதுவும் அப்படியே ஆகிவிடும் என்று பட்டது. எல்லோரும் முகைதீன்பாவா என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் வாப்பா உயிரோடு இருப்பார். ஆகவே பேசாமல் நின்றாள். நின்றது மட்டுமல்ல, அது றம்லாவின் வாப்பாவாகவே இருக்க வேண்டும் என்று துஆவும் கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காகப் பயந்து, "இல்ல அல்லாஹ், இல்ல" என்று அழித்தாள். பிறகு மறுபடியும் கேட்டாள்.

சரிந்து கிடந்த தோணி நீரோட்டத்தில் தெற்கே தெற்கே போய்க் கண்ணுக்கு மறைந்தது. ஜெமீலாவின் குரல் கம்மிவிட்டது. யாரோ வெள்ளைச் சேலை பற்றிக் கூட மெல்லக் கதைத்தார்கள். இப்படி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று.

மத்தியானத் தொழுகைக்கு லுஹர் வாங்கு கேட்கிற நேரம், அலைக்கு மேலால் ஒரு தோணி வந்தது. பச்சைப் பட்டி. பின்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது முகைதீன்பாவா.

மௌத்தாகிவிட்டான் என்று அழுத மனிதன் தன் தோணியில் தானே வருவதைக் கண்டால் யார்தான் தன் கண்ணை நம்புவார்? ஜெமீலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள்.

முகைதீன்பாவா இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டார்: "சீனிமம்மது எங்க? வந்திட்டானா?"

"செவப்புப் பட்டி இன்னும் வரல்ல. பச்சப் பட்டிதான் கவுந்து..."

"என்ன செவப்பு? அவன்ட தோணிக்கும் பச்சதான் பூசியிரிக்கி! விடிஞ்ச வெள்ளாப்புல கண்டு ரெண்டு பேரும் சிரிச்சமே. பெயின்டர்ர வேல எண்டு."

சொல்லி முடிக்குமுன் அவர் முகம் மாறிவிட்டது. கரைக்கு ஏறவேயில்லை. தோணியைத் திருப்பச் சொல்லிக் கத்தினார். வந்த அதே நான்கு பேரும் வந்த வழியே திரும்பித் தெற்கே போனார்கள்.

றுகையாவின் கை இன்னும் ஜெமீலாவின் தோளைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் இப்போது யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. "அழாத மச்சி" என்று ஜெமீலா சொல்லத் தொடங்கினாள். அதோடு நிறுத்தி, தன் முக்காட்டால் றுகையாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து றுகையா தனக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று. நிந்தவூர்க் கரைக்கு வெளியே தோணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த நான்கு பேரையும் முகைதீன்பாவா உயிரோடு தூக்கிவிட்டார். அசருக்குப் பிறகு மாட்டு வண்டியில் சீனிமுகம்மது வீட்டுக்கு வந்தார். இடது தோள் மூட்டு விலகியிருந்தது. கண் இரண்டும் உப்பில் வெந்து சிவந்திருந்தன. வாப்பா வந்துவிட்டார். சுல்பிகா அறைக்குள் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் பெனடிக் தானாகவே கடற்கரைக்கு வந்தார். வராமல் விட்டிருக்கலாம். முகைதீன்பாவா அவரைக் கண்டதும் பாய்ந்தார்.

"என்ட பொஞ்சாதி ரெண்டு மணித்தியாலம் கைம்பெண்ணா இருந்தா பெயின்டரே! நான் உயிரோட இரிக்க அவளுக்கு வெள்ளச் சேல எடுக்கப் பாத்தாங்க! உனக்கென்ன, கண் இல்லையா?"

பகிடிக்காரர் அன்று பகிடி விடவில்லை. "இல்ல" என்றார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. சின்ன வயசிலிருந்தே தெரியாது. நான்தான் பிழையாப் பூசினன். வேற ஆரும் இல்ல."

ஒருவரும் நம்பவில்லை. ஒருவன் இரண்டு பேணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். எது சிவப்பு என்று எடுக்கச் சொன்னான். கூட்டத்தில் கால்களுக்கு இடையில் சுல்பிகா நின்றாள். அவர் ஒரு தரம் தலையைத் தூக்கினால் போதும். அவள் கண்ணாலேயே காட்டியிருப்பாள். அவர் தூக்கவில்லை. நெடுநேரம் பேணிகளைப் பார்த்துவிட்டுப் பச்சையை எடுத்தார். சிலர் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அதோடு அந்தக் கரையில் அவர் தொழில் முடிந்தது. கல்முனையிலும் கதை பரவி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற வேலையும் நின்றது. கொஞ்ச நாளில் சொறிக்கல்முனையில் இருந்த தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கே வயலில் குருவி கலைத்தாராம், வரம்பு கட்டினாராம். பன்னிரண்டு வயதில் சுல்பிகா பெரிய பிள்ளையாகி வீட்டுக்குள் இருத்தப்பட்டாள். கலியாணம் முடிந்து வெளியே வாசலில் நின்று விசாரிக்கிற வயது வந்தபோது, பெயின்டர் இறந்து இரண்டு போகம் ஆயிற்று என்று நெல்லுக் கொண்டுவந்தவன் சொன்னான்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இதுதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி. தெரிந்துகொண்டுதான் 'வேற ஆரும் இல்ல' என்றாரா? அல்லது அவள் பொய் சொல்லியிருப்பாள் என்ற எண்ணமே அவருக்கு வராமல் போயிற்றா? இரண்டில் எது நல்லது என்று கூட அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஏனென்றால், அவர் ஊரை விட்டுப் போவதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது சொன்ன வார்த்தை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் பொருந்தி வருகிறது.

இந்தப் பக்கத்து முஸ்லிம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போகிறவர்களும், மௌத்துக்குக் கிட்டியவர்களும், தாங்கள் யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவர்களிடம் நேரே போய், செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பொருத்தம் கேட்பார்கள். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் பொருந்தினால்தான் அல்லாஹ் மன்னிப்பான். பெனடிக் முப்பது வருடம் இவர்கள் மத்தியில் புழங்கியவர், வழக்கம் தெரியும். முதலில் முகைதீன்பாவா வீட்டுக்குப் போய் அவரிடமும் ஜெமீலாவிடமும் றம்லாவிடமும் கேட்டுவிட்டு, பிறகு இங்கே வந்தார். சீனிமுகம்மது தோளில் கட்டோடு பாயில் சாய்ந்திருந்தார்.

"என்னப் பொருந்திக்கங்க, முதலாளி."

"பொருந்திட்டன் பெயின்டர். எழுத்து அப்பிடி. நீங்க என்ன செய்ற?"

கதவு மறைவில் நின்ற றுகையாவிடம் கேட்டார். அவளும் பொருந்திவிட்டாள். அதோடு போவார் என்று நினைத்தார்கள். அவர் வாசலில் இறங்கி, தூணோடு ஒட்டிக்கொண்டு நின்ற சுல்பிகாவுக்கு முன்னால் மணலில் முழங்காலில் இருந்தார். அப்போது இருவர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"நீ சரியாத்தான் சொன்னாய் மகள். நான்தான் அதக் கீழ வச்சிட்டு மத்தப் பேணிய எடுத்திட்டன். உன்ட வாப்பாவ உனக்கு இல்லாமச் செய்யப் பாத்தன். என்னப் பொருந்திக்க."

சுல்பிகா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் எழும்பாமல் காத்துக்கொண்டிருந்தார். மணல் அவர் சாரத்தில் ஒட்டியிருந்தது. வயதான மனிதன் பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் உம்மா உள்ளேயிருந்து அதட்டினாள்.

"என்ன பாத்துக்கு நிக்காய்? எவ்வளவு நேரம் அந்த மனுசன் இருக்கிற? சொல்லு புள்ள, பொருந்திட்டன் எண்டு சொல்லு."

"பொருந்திட்டன் மாமா" என்றாள் சுல்பிகா.

அவர் அவள் தலையைத் தடவிவிட்டு எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.